சிரிப்பு நின்ற இடம்: ‘பொனி அன்ட் கிளைட்’ படமும் பார்வையாளர் அபிப்பிராயங்களும்



இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இந்த நேரத்தில் ஒரு குற்றப் படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. ஒரு படைப்பைப் பற்றிச் சாதாரண சுவைஞர் கொள்ளும் அபிப்பிராயத்துக்கு என்ன பெறுமதி? தேர்ந்த விமர்சகர் வழங்கும் தீர்ப்புக்கு என்ன பெறுமதி? இரண்டும் ஒன்றோடொன்று மோதும்போது எதைக் கொண்டு முடிவு காண்பது? இவை நாவலுக்கும் கவிதைக்கும் நாடகத்துக்கும் பொதுவான கேள்விகள். இவை மிகக் கூர்மையாக எழுந்த சந்தர்ப்பம் ஒன்று திரைப்பட வரலாற்றில் உண்டு. 1967ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ‘பொனி அன்ட் கிளைட்’ என்ற படமும், அதைப் பார்த்தவர்களிடையே மூண்ட சர்ச்சையுமே அது.

முதலில் படத்தைப் பற்றிய சில தகவல்கள். ‘எஸ்குவயர்’ சஞ்சிகையில் பணியாற்றிய டேவிட் நியூமன், ரொபர்ட் பென்ரன் என்ற இருவர் இதன் திரைப்பிரதியை எழுதினர். பிரெஞ்சுப் புதிய அலைப் படங்களில் ஈடுபாடு கொண்ட அவர்கள், முதலில் பிரான்ஸுவா ட்ரூஃபோவையும் பின்னர் ஜோன் லூக் கொடாரையும் நாடினர். அந்த முயற்சிகள் கைகூடவில்லை. நடிகர் வோரன் பீற்றி திரைப்பிரதியை வாங்கித் தாமே தயாரிப்பாளரானார். ஆர்தர் பென் நெறிப்படுத்தினார். பீற்றி கிளைட் ஆகவும், ஃபே டனவே பொனி ஆகவும் நடித்தனர்.

கதை 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் நிகழ்கிறது. உணவகத்தில் பரிமாறும் வேலை செய்து அலுத்துப்போன பொனி, தன் தாயின் காரைத் திருட வந்த கிளைட்டோடு புறப்பட்டு விடுகிறாள். இருவரும் வங்கிகளைக் கொள்ளையிடுகிறார்கள். பெற்றோல் நிலையத்தில் வேலை செய்யும் சி. டபிள்யு. மொஸ் என்ற இளைஞனும், கிளைட்டின் அண்ணன் பக்கும், அவன் மனைவி பிளான்ஷும் சேர்ந்துகொள்கிறார்கள். ஓட்டமும் துரத்தலும் தொடர்கின்றன. கடைசியில், காட்டிக்கொடுக்கப்பட்டு, ஒரு நாட்டுப்புற வீதியில் பதுங்கியிருந்தோரின் துப்பாக்கிகளுக்கு இருவரும் இரையாகிறார்கள்.

இது முழுக் கற்பனையன்று. பொனி பார்க்கர், கிளைட் பரோ இருவரும் உண்மையில் வாழ்ந்தவர்கள். 1934 மே 23ஆம் திகதி லூசியானா மாநிலத்தில் ஆறு சட்ட அதிகாரிகள் மறைந்திருந்து அவர்களைச் சுட்டுக் கொன்றனர். அப்போது அவளுக்கு 23 வயது, அவனுக்கு 25. அவர்களது கும்பலின் கைகளில் இறந்தவர்கள் பன்னிருவருக்குக் குறையாதோர் எனக் கொள்ளப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் பொலிஸ் உத்தியோகத்தர்கள். இந்த உண்மையைச் சற்று நினைவில் வைத்திருங்கள். உரையின் பிற்பகுதியில் இதற்குத் திரும்பி வருவோம்.

படம் 1967 ஓகஸ்ட் மாதத்தில் கனடாவின் மொன்றியல் நகரத் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அரங்கில் பலத்த வரவேற்பு. அங்கே இருந்தவர்களுள் ஒருவர் பொஸ்லி குரோதர். 1940 முதல் ‘நியூ யோர்க் டைம்ஸ்’ பத்திரிகையின் திரைப்பட விமர்சகராக இருந்தவர். அவருடைய ஒரு பத்தி ஒரு படத்தை வாழவும் வைக்கும், வீழ்த்தவும் செய்யும் என்று கருதப்பட்ட காலம் அது. குரோதருக்குப் படம் பிடிக்கவில்லை என்று சொன்னால் போதாது, அருவருப்பே உண்டாயிற்று. கொடிய கொலைகாரரின் செயல்களை வேடிக்கை விளையாட்டாகக் காட்டிய படம் என்று அவர் கண்டித்தார். மொன்றியலிலிருந்து ஒருமுறை, நியூ யோர்க்கில் வெளியானபோது ஒருமுறை, பிறகு ஞாயிறு இதழில் மீண்டும் ஒருமுறை என மூன்று தடவை எழுதினார். ஒரே படத்தை ஒரு விமர்சகர் மூன்று முறை தாக்குவது சாதாரண நிகழ்ச்சி அல்ல.

இங்கேதான் பார்வையாளர் குறுக்கிட்டனர். குரோதரின் கருத்தை மறுத்து வாசகர்கள் அப்பத்திரிகைக்கே கடிதங்கள் எழுதினார்கள். பத்திரிகையும் அவற்றிற்கு இடமளித்தது. கடிதம் எழுதியவர்கள் படத்துறையைச் சார்ந்தோர் அல்லர். நுழைவுச்சீட்டு வாங்கி, இருட்டில் உட்கார்ந்து, படம் பார்த்துத் திரும்பியவர்கள். நாம் அனுபவித்தது ஒன்று, இவர் எழுதியிருப்பது வேறொன்று என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். குரோதர் தமது கருத்திலிருந்து அசையவில்லை. 1967 முடிவடைவதற்குள், அவர் அப்பதவியிலிருந்து விலகுவது அறிவிக்கப்பட்டது.

இன்னொரு விமர்சகரின் கதை இதற்கு நேரெதிரானது. ‘நியூஸ்வீக்’ சஞ்சிகையின் ஜோ மோர்கன்ஸ்ரேர்ன் முதலில் படத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். பிறகு வார இறுதியில், மக்கள் நிறைந்த ஒரு திரையரங்கில் அதே படத்தை மீண்டும் பார்த்தார். அடுத்த இதழிலேயே, தமது முதல் விமர்சனம் நியாயமற்றது என்று எழுதி, புதிய விமர்சனம் ஒன்றையும் தந்தார். இரண்டு பார்வைகளுக்கும் இடையில் படத்தில் ஒரு சட்டகமும் மாறவில்லை. மாறியது அவரைச் சுற்றியிருந்த கூட்டம். தம் அருகில் இருந்தவர்கள் எங்கே சிரித்தார்கள், எங்கே திடுக்கிட்டார்கள் என்பதை அவர் அவதானித்தார். தனியே பார்த்தபோது தென்படாத ஒன்று அப்போது தென்பட்டது.

அதே ஆண்டு ஒக்டோபரில் போலின் கேல் என்ற விமர்சகர் ‘நியூ யோர்க்கர்’ சஞ்சிகையில் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். அதை முதலில் வேறொரு சஞ்சிகை ஏற்க மறுத்திருந்தது. இன்று அமெரிக்கத் திரைப்பட விமர்சனத்தின் மைல்கற்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. கேல் அம்மையார் பேசத் தொடங்கிய இடம் நடிப்போ ஒளிப்பதிவோ அல்ல; அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதே. தாம் வேடிக்கையைப் புரிந்துகொண்டவர்கள் என்று காட்டுவதற்காகப் பார்வையாளர் சிரித்துக்கொண்டிருக்கும் வேளையில், முதற் குண்டு அவர்கள் முகத்திலேயே பாய்கிறது என்ற கருத்தை அவர் முன்வைத்தார். மறு ஆண்டில் அவர் அச்சஞ்சிகையின் நிரந்தர விமர்சகர்களுள் ஒருவரானார். முன்பு படத்தைத் தள்ளிவைத்த ‘டைம்’ சஞ்சிகை, டிசெம்பரில் அதே படத்தைத் தன் அட்டையில் இட்டு, புதிய சினிமா பிறந்துவிட்டதென எழுதியது. அட்டைச் சித்திரத்தை அமைத்தவர் ஓவியர் ரொபர்ட் ரவுஷன்பேர்க்.

நேயர்களே, இந்த வரலாற்றைப் பலர் எளிமையான ஒரு கதையாகச் சொல்வதுண்டு. பழைமைவாதியான ஒரு விமர்சகர் தோற்றார், இளம் பார்வையாளர் வென்றனர் என்பதே அந்தக் கதை. நான் அப்படிச் சொல்ல விரும்பவில்லை. குரோதர் குறுகிய மனம் படைத்தவர் அல்லர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த இத்தாலிய யதார்த்தவாதப் படங்களை அமெரிக்கருக்கு ஆர்வத்தோடு அறிமுகம் செய்தவர்களுள் அவரும் ஒருவர். ரொபேர்த்தோ ரொசெலினியின் ‘அற்புதம்’ என்ற படத்துக்கு நியூ யோர்க்கில் தடை வந்தபோது அதை எதிர்த்து நின்றவர். 1952இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அந்த வழக்கில் அளித்த தீர்ப்பு, திரைப்படமும் கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்கு உரியது என்று நிலைநாட்டியது. தணிக்கைக்கு எதிராகப் போராடிய ஒருவர் ஒரு படத்தைக் கண்டு இவ்வளவு கலங்கினாரென்றால், அக்கலக்கத்தை நாம் இலேசாகத் தட்டிவிட முடியாது.

அப்படியானால் அவர் எங்கே தவறினார்? அதை அறியப் படத்துக்குள்ளேதான் செல்ல வேண்டும்.

கிளைட் கொள்ளையிடப் போகும் ஆரம்ப வங்கி ஒன்றில் பணமே இல்லை. அந்த வங்கி ஏற்கெனவே முறிந்துபோயிருக்கிறது. அவமானம் தாங்காத கிளைட், அங்கிருந்த ஊழியரையே வெளியே இழுத்து வந்து, காரில் காத்திருக்கும் பொனியிடம் அதைச் சொல்ல வைக்கிறான். பொனி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நாமும் சிரிக்கிறோம். கார்கள் ஓடும்போது பின்னணியில் துள்ளும் பன்ஜோ இசை அந்தச் சிரிப்பை வளர்க்கிறது.

இன்னொரு வங்கி. சி. டபிள்யு. மொஸ், தப்பிச் செல்ல ஆயத்தமாக வைத்திருக்க வேண்டிய காரை இரண்டு வாகனங்களுக்கு இடையில் ஒழுங்காக நிறுத்திவிடுகிறான். கொள்ளையர் பணத்தோடு ஓடி வருகிறார்கள். கார் வெளியே வர மறுக்கிறது. முன்னால் ஒரு மோதல், பின்னால் ஒரு மோதல். மௌனப்பட நகைச்சுவையை நினைவூட்டும் காட்சி இது. அரங்கு சிரிக்கிறது. கார் ஒருவாறு வெளியேறும்போது வங்கியிலிருந்து ஒருவர் ஓடி வந்து அதன் பக்கப்படியில் தொற்றிக்கொள்கிறார். கிளைட் கண்ணாடியூடாகச் சுடுகிறான். கண்ணாடிக்கு மறுபுறம் அவருடைய முகம், இரத்தம். சிரிப்பு அங்கேயே அறுந்துபோகிறது.

ஹொலிவூட்டின் பழைய வழக்கப்படி, சுடுபவனை ஒரு காட்சியிலும் சுடப்பட்டவனை மறு காட்சியிலும் காட்டுவார்கள். இடையில் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டு பார்வையாளருக்கு ஒரு மறைப்பு. துப்பாக்கி வெடித்தது, யாரோ விழுந்தார் என்ற அளவில் மனம் அமைதி கொள்ளும். பென் அந்த மறைப்பை நீக்கினார். செயலும் விளைவும் ஒன்றாகவே நம் கண்முன் நிற்கின்றன.

அடுத்து வரும் காட்சிதான் என் மனத்தில் இப்படத்தின் மையம். கொலை செய்துவிட்டு ஓடிய மூவரும் ஒரு திரையரங்கில் ஒளிந்துகொள்கிறார்கள். திரையில் 1933ஆம் ஆண்டின் ஆடல் பாடல் படம் ஒன்று ஓடுகிறது. நடனமாதர் பணம் கொழிக்கும் மகிழ்ச்சியைப் பாடுகிறார்கள். உன்னால் அல்லவா ஒரு மனிதனைக் கொல்ல நேர்ந்தது என்று கிளைட், மொஸ்மீது தாழ்ந்த குரலில் சீறுகிறான். பொனியோ கண்ணை எடுக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பேசுவதானால் வெளியே போங்கள் என்ற தொனியில் அவர்களை அடக்குகிறாள். சற்று முன் ஒரு மனிதர் இறந்தார். இப்போது அவள் பாட்டை இரசிக்கிறாள். அப்போது நமக்கு ஓர் எண்ணம் தோன்ற வேண்டும். நாமும் ஒரு திரையரங்கில்தானே இருக்கிறோம்? சற்று முன் நாமும் அந்த மரணத்தைப் பார்த்தோம் அல்லவா? நாமும் அடுத்த பாட்டுக்குக் காத்திருப்பவர்கள்தானா? பார்வையாளரைப் பற்றிய விமர்சனம் படத்துக்குள்ளேயே இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு சந்தர்ப்பம். கும்பல் ஒரு ஜோடியின் காரைத் திருடி, பின்னர் அவர்களையே அந்தக் காரில் ஏற்றிக்கொள்கிறது. அந்த ஆணாக நடித்தவர் ஜீன் வைல்டர். எல்லோரும் உண்டு, பகிடி பேசிச் சிரிக்கிறார்கள். பயணம் ஒரு சுற்றுலா போலாகிவிடுகிறது. நீ என்ன தொழில் செய்கிறாய் என்று பொனி கேட்கிறாள். சவ அடக்கம் செய்யும் தொழில் என்கிறான் அவன். ஒரே நொடியில் பொனியின் முகம் மாறுகிறது. அவர்களை இறக்கிவிடச் சொல்கிறாள். ஒரு துளி இரத்தம் இல்லை, ஒரு துப்பாக்கி ஓசை இல்லை. ஆயினும் மரணம் காருக்குள் வந்து அமர்ந்துவிட்டது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டை எட்டாக வகுத்தார். அவற்றுள் நகையும் ஒன்று, அச்சமும் ஒன்று. நம் மரபில் ஒரு காட்சியின் மெய்ப்பாடு இன்னது என்று சுட்டிச் சொல்வது வழக்கம். இந்தப் படம் செய்வது அந்த எல்லைக்கோட்டை அழிப்பது. நகை முடியுமுன்னரே அச்சம் புகுந்துவிடுகிறது. சிரித்த வாயை மூடுவதற்கு நமக்கு அவகாசம் கிடைப்பதில்லை. குரோதர் நகையைக் கண்டார், அது அறுபடும் இடத்தைக் காணவில்லை. வன்முறையை வைத்துச் சிரிக்க வைக்கிறார்கள் என்று முறையிட்டார். சிரித்ததற்கு ஒரு விலை வசூலிக்கப்படுவதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அரங்கிலிருந்தோர் அதைக் கணக்கில் எடுத்தனர். சிரித்தவர்களும் அவர்கள், சிரிப்பை நிறுத்தியவர்களும் அவர்கள் அல்லவா?

காலத்தையும் நாம் மறக்கக்கூடாது. 1967 யூலையில் நெவார்க், டெற்றோயிற் நகரங்களில் பெருங் கலவரங்கள் நடந்தன. டெற்றோயிற்றில் மட்டும் 43 பேர் இறந்தனர். வியட்நாமில் அமெரிக்கப் படையினர் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அந்தப் போர் மாலைதோறும் தொலைக்காட்சிச் செய்தியாக வீட்டு மண்டபங்களுக்குள் வந்தது. இவ்வாறிருக்க, குண்டு பட்டவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரத்தமின்றிச் சாய்வதைக் காட்டும் பழைய படங்களே பலருக்குப் பொய்யாகத் தோன்றின எனலாம். இப்படம் 10 ஒஸ்கார் பரிந்துரைகளைப் பெற்றது. பேர்னட் கஃபியின் ஒளிப்பதிவுக்கும், பிளான்ஷாக நடித்த எஸ்ரெல் பார்சன்ஸுக்கும் விருதுகள் கிடைத்தன. அந்த விருது விழாவே, 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதால் இரண்டு நாள் பிற்போடப்பட்டது. திரைக்கு வெளியே நடந்தவை இவை.

கடைசிக் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. வீதியோரத்தில் கார் நிற்கிறது. பற்றைக்குள்ளிருந்து பறவைகள் திடீரென எழுகின்றன. ஒரு கணம் அமைதி. பொனியும் கிளைட்டும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அப்பார்வையில் எல்லாம் புரிந்துவிடுகிறது. பிறகு குண்டுமாரி. பென் நான்கு கமெராக்களை வெவ்வேறு வேகங்களில் ஓடவிட்டு இதைப் படமாக்கினார். டீடீ அலன் அந்தத் துண்டுகளை இணைத்தார். உடல்கள் ஒருகணம் துடிக்கின்றன, மறுகணம் நீரில் மிதப்பது போல மெதுவாகச் சாய்கின்றன. சுட்டவர்கள் பற்றையிலிருந்து வெளியே வந்து பேச்சின்றி நிற்கிறார்கள். இசை இல்லை, ஆறுதல் சொல்ல ஒரு வசனமும் இல்லை. படம் சட்டென்று முடிந்துவிடுகிறது.

இக்காட்சி அழகாக இருக்கிறது. அதுதான் சங்கடம். மரணத்தை அழகாகக் காட்டலாமா என்ற கேள்வி இங்கேதான் தவிர்க்க முடியாததாகிறது.

இத்தகைய படங்களைப் பற்றிப் பார்வையாளர் கூறும் அபிப்பிராயங்களைப் பொதுவாக மூன்றாக வகுக்கலாம். முதலாவது, இவ்வளவு இரத்தம் கூடாது என்பது. இரண்டாவது, இது வெறும் படந்தானே, பாணியை இரசியுங்கள் என்பது. மூன்றாவது, நாட்டில் நடப்பதைத்தானே காட்டுகிறார்கள் என்பது. மூன்றும் அடிக்கடி காதில் விழுபவை. மூன்றுக்கும் ஒரு பொதுக் குறைபாடு உண்டு. இவற்றுள் எதைச் சொல்பவரும் தமக்கு என்ன நேர்ந்தது என்று சொல்வதில்லை. முதலாமவர் இரத்தத்தை அளக்கிறார், இரண்டாமவர் அழகை அளக்கிறார், மூன்றாமவர் நாட்டை அளக்கிறார். தம்மை அளப்பவர் யார்?

பெறுமதியான அபிப்பிராயம் வேறொரு வகையானது. நான் இந்த இடத்தில் சிரித்தேன், இந்த இடத்தில் என் சிரிப்பு நின்றது, நின்றதற்குக் காரணம் இது என்று சொல்வது அது. இதற்குப் பெரும் படிப்புத் தேவையில்லை, நேர்மை வேண்டும். மோர்கன்ஸ்ரேர்னின் இரண்டாவது விமர்சனம் மதிக்கப்படுவதற்கும் கேலின் கட்டுரை நிலைத்ததற்கும் அதுவே காரணம் என்று கருதுகிறேன்.

ஆனால் அந்த நேர்மை இன்னும் ஓர் அடி முன்னே செல்ல வேண்டும். முன்னர் நினைவில் வைத்திருக்கச் சொன்ன உண்மைக்கு இப்போது வருவோம். 1934 ஏப்ரல் முதலாம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ரெக்சாஸ் மாநிலத்தின் கிரேப்வைன் என்ற ஊருக்கருகே மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு வீதிக் காவலர்கள் இக்கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்தவர். படத்தில் இந்நிகழ்ச்சி இல்லை. இருந்திருந்தால் கடைசிக் காட்சியில் நம் மனம் அவ்வளவு இலகுவாக உருகியிருக்குமா?

படம் இன்னொன்றும் செய்தது. கும்பலைப் பின்தொடர்ந்து முடிவுகட்டிய பிராங்க் ஹேமர் என்ற அதிகாரியை, அவர்களால் ஏற்கெனவே பிடிபட்டு அவமானப்படுத்தப்பட்டவராகவும், அந்த வன்மத்தால் பழிவாங்கியவராகவும் சித்திரித்தது. உண்மையில் அப்படியொரு சந்திப்பு நிகழ்ந்ததில்லை. அவருடைய குடும்பத்தார் தயாரிப்பு நிறுவனமான வோர்னர் பிரதர்ஸ்மீது வழக்குத் தொடுத்தனர். 1971இல் அது சமரசமாகத் தீர்க்கப்பட்டது. அந்தக் குடும்பத்தவரும் பார்வையாளர்கள்தாம். தம் கணவரை, தம் தந்தையைத் திரையில் கோமாளியாகக் கண்ட பார்வையாளர்கள். அவர்களுடைய அபிப்பிராயம் விமர்சனப் பக்கத்தில் அல்ல, நீதிமன்றத்தில் பதிவாயிற்று. 2019இல் ‘தி ஹைவேமென்’ என்ற படம் அதே கதையை ஹேமரின் பக்கமிருந்து சொன்னது. அதில் ஏறக்குறைய இறுதி வரை பொனி, கிளைட் இருவரின் முகங்களும் நமக்குத் தெளிவாகக் காட்டப்படுவதில்லை. ஐம்பத்திரண்டு ஆண்டுகளின் பின் வந்த ஒரு மறுமொழியாக அதைக் கொள்ளலாம்.

பென்னின் படத்தில் அழகும் ஏக்கமும் கவிதையும் அந்த இருவருக்கு மட்டுமே உண்டு. அவர்கள் ஒருவரையொருவர் படம் பிடித்துக்கொள்கிறார்கள். பத்திரிகையில் தம்மைப் பற்றி வந்ததைத் தாமே வாசித்து மகிழ்கிறார்கள். பொனி எழுதிய பாட்டு அச்சேறியபோது, தன்னை ஒரு மனிதனாக்கிவிட்டாய் என்று கிளைட் பூரிக்கிறான். அவர்களால் இறந்தவர்களுக்கோ முகமில்லை. முகமுள்ள ஒருவர் கண்ணாடிக்கு மறுபுறம் ஒரு கணம் தோன்றிய அந்த வங்கி மனிதர் மட்டுமே. அவருக்கும் வீடு இல்லை, அழுவார் இல்லை. படம் வந்த பின் பொனியின் பெரே தொப்பியும் உடைகளும் நாகரிகமாயின. அந்த வங்கி மனிதரை நினைத்து யாரும் எதையும் அணிந்துகொள்ளவில்லை. குரோதர் அஞ்சியது இதற்குத்தான் என்றால் அந்த அச்சம் வீண் அல்ல. படத்தை அவர் சரியாகப் பார்க்கவில்லை, கேள்வியைச் சரியாகவே கேட்டார். அவரை எதிர்த்தவர்கள் படத்தைச் சரியாகப் பார்த்தார்கள், அந்தக் கேள்வியைக் காதில் வாங்கவில்லை.

பின்வந்த படங்களை ஒப்புநோக்கினால் இது மேலும் தெளிவாகும். 1994இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற குவென்ரின் ரரன்ரினோவின் ‘பல்ப் ஃபிக்ஷன்’ படத்தில், ஓடும் காருக்குள் மார்வின் என்ற இளைஞன் தவறுதலாகச் சுடப்படுகிறான். அரங்கு சிரிக்கிறது. அங்கே சிரிப்பு நிற்பதில்லை. காரை எப்படிக் கழுவுவது என்ற வேடிக்கையாக அது நீள்கிறது. கொன்றவர்களுக்குக் கறையே பிரச்சினை. இறந்தவனுக்குப் பெயர் உண்டு, வருந்துவார் ஒருவரும் இல்லை. மிகுந்த சாதுரியத்தோடு எழுதப்பட்ட பகுதி அது. நானும் அந்தச் சாதுரியத்தை வியக்கிறேன். ஆயினும் பென்னின் படத்தில் சிரிப்புக்குக் கிடைத்த அடி இங்கே கிடைப்பதில்லை. இரத்தம் எத்தனை போத்தல் என்று கணக்கிட்டால் இந்த வேறுபாடு தெரியாது. நம் சிரிப்பு என்னவாயிற்று என்று பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

ஆகவே, நேயர்களே, வன்முறை மிகுந்த, அழகாக அமைக்கப்பட்ட ஒரு குற்றப் படத்தைப் பார்த்துவிட்டு வரும்போது இரண்டு கேள்விகளை நம்மிடம் நாமே கேட்டுக்கொள்ளலாம். என் சிரிப்பு எங்கேயாவது நின்றதா? இறந்தவருள் யாருடைய முகமாவது எனக்கு நினைவிருக்கிறதா? முதற் கேள்விக்கு ‘பொனி அன்ட் கிளைட்’ துணிவோடு பதில் தருகிறது. இரண்டாவது கேள்விக்கு அது பாதிப் பதிலையே தருகிறது. 1968 நவம்பரில் அமெரிக்காவில் பழைய தயாரிப்பு ஒழுக்கக் கோவை போய், வயதின்படி படங்களை வகைப்படுத்தும் முறை வந்தது. யார் பார்க்கலாம் என்பதை அந்த முறை சொல்லும். எப்படிப் பார்ப்பது என்பதை எந்தச் சபையும் நமக்காகத் தீர்மானிக்க முடியாது.

இப்படத்தின் தொடக்க எழுத்துக்களை அவதானித்தவர்கள் ஒன்றை நினைவுகூர்வார்கள். பழைய குடும்பப் புகைப்படங்கள் ஒவ்வொன்றாக வந்துபோகின்றன. கமெராவின் சொடுக்கு ஒலி கேட்கிறது. கலைஞர்களின் பெயர்கள் முதலில் வெள்ளையாகத் தோன்றி, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்லச் சிவப்பாகின்றன. கதை தொடங்குமுன்னரே நமக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை அது. அடுத்த முறை பார்க்கக் கிடைத்தால், அந்த நிறம் மாறும் கணத்திலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள்.